கோட்டுச்சேரி நிறுத்தம்

மூன்று வருடமாக அஞ்சுகம் கோட்டுச்சேரியில் பஸ் ஏறும்போதெல்லாம், "எறங்குடி!" என்று ஒரு குரல் அவள் காதில் மட்டும் அதட்டும். அவளும் இறங்கிவிடுவாள்.

"இது மனச்சிதைவு. மூளைல டோபமைன் ஓவரா வேலை செய்யுது. மாத்திரை அத மட்டுப்படுத்தும், ஆனா சில வாரம் ஆகும்மா" என்றார் டாக்டர்.

ஒரு நாள்கூட விடாமல் விழுங்கினாள். ஏழாவது வாரம் குரல் நின்றது.

இன்று காரைக்கால் ஜவுளிக்கடையில் வேலைக்கு முதல் நாள். பூப்போட்ட புதுப் புடவையில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்ன நிம்மதி!

விசிலை வாயில் வைத்த கண்டக்டர் எடுத்துவிட்டார். "யாருங்க அது, எறங்குடின்னு கத்துறது?"

பஸ்ஸே எட்டிப் பார்த்தது. நிறுத்தத்தில் ஈ, காக்கை இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணே" என்றாள் அஞ்சுகம், வாய் கொள்ளாத சிரிப்புடன். "விசில் அடிங்க, போவலாம்."