கணக்கில் வராத கை

கையைத் தூக்கிவிட்டேன். இனி உயிரே போனாலும் இறக்கப் போவதில்லை.

தோளுக்குள் யாரோ அரிவாள் நுனியை விட்டுத் திருகுகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஊராட்சித் தலைவர் ராஜாங்கம் என் பக்கம் பார்க்கவே இல்லை. எதிர்க்கிறவர்கள் கை தூக்கலாம் என்று அறிவித்துவிட்டு, ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரியிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாதா? என் கை தானாக விழட்டும் என்று காத்திருக்கிறார்.

சுதந்திர தின கிராம சபை. வருசா வருசம் கொடிக்கயிற்றை வேறு ஆள் தொட விடமாட்டார். இன்று காலையில் அதைத் துணைத்தலைவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். என்ன பெரிய மனசு என்று ஊரே மெச்சியது.

அந்தப் பெரிய மனசுக்காரர் கொண்டுவந்த தீர்மானம் இதுதான். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஆஸ்பத்திரி ரூமை உரமூட்டை அடுக்க விட வேண்டுமாம்.

வியாழக்கிழமை தோறும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் எங்களுக்கு மாத்திரை கொடுப்பது அங்கேதான். இனி சங்கராபுரத்துக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொள் என்கிறார்கள். பஸ் ஏறினால் அன்றைய களைவெட்டுக் கூலி போச்சு. கூலியா மாத்திரையா என்று வந்தால் எங்கள் ஜனம் மாத்திரையைத்தான் விடும்.

போன வருசம் ரூம் பூட்டிக் கிடந்தபோது என் தம்பி பச்சமுத்து அப்படித்தான் விட்டான். காலில் புண் வந்து கட்டைவிரலை எடுத்தார்கள். இன்றைக்கும் அவன் காலில் செருப்பு நிற்பதில்லை.

இதே தீர்மானம் மே தினக் கூட்டத்திலேயே வந்தது. அப்போது என் வலது தோள் இறுகிப் போய்க் கிடந்தது. கை நெஞ்சுக்கு மேல் வராது. அதனால் இடது கையைத் தூக்கினேன். சபை சிரித்தது. ராஜாங்கம் சிரிக்கவில்லை.

“பீச்சாங்கையெல்லாம் சபையில கணக்குல வராது. கீழ எறக்கு.”

இடது கையால் மொய் வைப்பாளா, இடது கையால் சாமிக்குச் சூடம் காட்டுவாளா என்று அவருடைய ஆட்கள் ஒத்து ஊதினார்கள். கூசிப்போய் கையை இறக்கினேன். கூட்டம் போதவில்லை என்று அதிகாரி தள்ளி வைத்ததால் தீர்மானம் அன்று நிறைவேறவில்லை. ஆனால் என் வயிற்றெரிச்சலைத் தள்ளி வைக்க எந்த அதிகாரியாலும் முடியாது.

அடுத்த வியாழக்கிழமையே அந்த ரூமுக்குப் போய் பிசியோ பொண்ணு கண்ணகி முன்னால் உட்கார்ந்தேன். சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தோள் இப்படி இறுகிப்போவது சகஜமாம். நாட்டுக் கட்டு போட்டுக் கையை அசைக்காமலே வைத்திருந்தேன் பாருங்கள், அதுதான் தப்பாம். மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கிய வலி மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டாள். டாக்டரைக் கேட்காமல் அதைத் தின்றுகொண்டே இருந்தால் கிட்னி போய்விடும் என்றாள்.

தினமும் ஆட்டு, வலித்தாலும் விடாதே, வெறி பிடித்தும் இழுக்காதே என்றாள்.

சுவரில் விரல்களை மேலே மேலே நடக்க விட்டேன். எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டேன். பல்லி புடிக்கிறியா என்று பக்கத்து வீட்டு ஆயம்மாள் கேலி செய்தாள். விட்டத்தில் மாட்டுக் கயிற்றைப் போட்டு இரண்டு முனையையும் பிடித்துக்கொள்வேன். இடது கை கீழே இழுக்கும், வலது கை மேலே ஏறும். சபை வேண்டாம் என்ற கைதான் அதைத் தூக்கிவிட்டது.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டவர்களிடம் கொண்டை போட என்றேன். கொண்டையாவது மண்ணாவது.

இதோ, தூக்கிவிட்டேன். எனக்குப் பின்னால் ஆயம்மாள் தூக்கினாள். எங்கள் தெரு மொத்தமும் தூக்கியது.

ஆனாலும் அவருடைய ஆட்கள்தான் ஜாஸ்தி. தலைவர் கை எழாமல் அவர்கள் யாரும் தூக்க மாட்டார்கள். எழுந்துவிட்டால் அத்தனை கையும் எழும். இங்கே அதுதான் வழக்கம்.

மழைப் பேச்சு ஒருவழியாகத் தீர்ந்தது. என் கை விழவில்லை. எங்களை எண்ண விடாமலே, ஆதரிக்கிறவர்கள் தூக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் தன் வலது கையைத் தூக்கினார்.

நெஞ்சு வரை வந்தது. நின்றுவிட்டது.

தோள் காதுப்பக்கம் ஏறியது. கை ஏறவில்லை. முகம் ஒரு பக்கமாகச் சுளித்தது. அந்தச் சுளிப்பை எத்தனையோ நாள் என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் காலையில் கைமாறிய கொடிக்கயிறு ஞாபகத்துக்கு வந்தது.

வலது கையை மேசைக்கடியில் விட்டுவிட்டு, சட்டென்று இடது கையைத் தூக்கினார்.

அவருடைய ஆட்கள் திகைத்துப் போனார்கள். பாதி தூக்கிய கையோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“பீச்சாங்கை கணக்குல வராதுன்னு நீங்கதான சொன்னீங்க தலைவரே? வியாழக்கெழம அந்த ரூமுக்கு வாங்க, கண்ணகிகிட்ட நான் சொல்லி வெக்கிறேன்.”

இந்த முறை சபை சிரிக்கவில்லை. பாதியில் நின்ற கைகள் ஒவ்வொன்றாக மடிக்குத் திரும்பின. கடைசியில் அவருடைய இடது கையும் இறங்கியது.

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி எண்ண ஆரம்பித்தார். முதல் கை என்னுடையது.

கடைசி ஆள் வரை எண்ணி முடித்த பிறகுதான் இறக்கினேன். சட்டென்று போடவில்லை. கண்ணகி சொன்னபடி, மெதுவாக.