பாலாவியில் தட்டிய கை

செய்னுலாப்தீனுக்கு இடுப்பு விண் விண்ணென்று வலித்தது. முப்பது வருடம் லொறிக் கதிரையில் இருந்த இடுப்பு, நீதிமன்ற வாங்கில் மூன்று மணித்தியாலம் தாங்கவில்லை.

மதுரங்குளிப் பக்கம் மணிக்கு எழுபத்து நான்கு கிலோமீற்றர் வேகத்தில் ஓடினார் என்று வழக்கு.

ஓடியது உண்மைதான். சிலாபத்தில் கிட்டங்கி பூட்டுவதற்குள் உப்பை இறக்க வேண்டியிருந்தது. ஆனால் இப்படி மாட்டியது மூன்றாவது தடவை. ஒத்துக்கொண்டால் லைசன்ஸ் போய்விடும். ஐம்பத்தாறு வயதில் மறுபடி மூட்டை தூக்க இந்த இடுப்பு விடாது.

உப்பு ஏற்றிய லொறி ஐம்பதைத் தாண்டாது என்று சொல்லப் போகிறார். பக்கத்தில் இருந்த றிம்ஸானிடம் சொல்லிப் பார்த்தார். அவனும் லொறிக்காரன், அவனுக்கும் வழக்கு.

"உப்போட எழுபத்தி நாலா? ஒங்கட லொறிய மலையில இருந்து தள்ளிவிட்டாலும் அவ்வளவு வராதே காக்கா!"

செய்னுலாப்தீனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய லொறியில் மூட்டை ஏற்றும் அத்தாஉல்லா மவுத்தானதும் அதே நாளில்தான்.

அன்றும் உப்பை ஏற்றிவிட்டு, மூட்டைகளை மூடிக் கட்டிய படங்கின் மேல் உட்கார்ந்துதான் வந்தான். வீடு மதுரங்குளிக்கு முன்னால் வரும் பாலாவியில். சந்தியில் லொறி நின்றதும் குதித்து இறங்கி, பக்கப் பலகையில் இரண்டு அடி அடிப்பான். இறங்கிவிட்டேன், நீங்கள் போங்கள் என்று அர்த்தம். பத்து வருடத்தில் ஒருநாளாவது செய்னுலாப்தீன் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்றும் இரண்டு அடி கேட்டது. லொறியை எடுத்தார்.

மறுநாள் விடிய, மதுரங்குளி வீதியோரப் பற்றைக்குள் அவனுடைய மையத்துக் கிடந்தது. ஏதோ வாகனம் அடித்துவிட்டுப் போயிருக்கிறது என்றார்கள். பாலாவியில் இறங்கியவன் மதுரங்குளிக்கு எதற்குப் போனான் என்று ஊரே கேட்டது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் அவனுடைய கூடப்பிறந்த நானா ஹுனைஸ் எழுந்து நின்றார்.

"மவுத்தானவரு யாருக்கும் கடன் ஏதும் குடுக்க இருந்தா சொல்லுங்க. நான் பொறுப்பு."

முதலில் கை தூக்கியவர் செய்னுலாப்தீன். பெருநாளைக்கு அவன் தன்னிடம் வாங்கிய கைக்கடனை எல்லாருக்கும் கேட்க மன்னித்தார்.

நீதிமன்றத்தில் அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி, குற்றமில்லை என்றார்.

பொலிஸ்காரர் ஒரு படத்தை நீட்டினார். வேகம் பார்க்கும் கருவி முன்னாலிருந்து பிடித்தது. அந்த இடத்தில் அவரை யாரும் மறிக்கவில்லை. இரண்டு கிலோமீற்றர் தள்ளித்தான் மறித்தார்கள்.

"ஒங்கட லொறிதானே? வடிவாப் பாருங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவருடைய லொறிதான். இலக்கம் இருந்தது. எழுபத்து நான்கு இருந்தது. மாலை ஐந்து நாற்பத்திரண்டு.

படங்கின் மேல் அத்தாஉல்லா இருந்தான்.

ஒரு கை கயிற்றைப் பிடித்திருந்தது. மற்றக் கை கெபின் கூரைக்கு மேலே ஓங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது.

செய்னுலாப்தீன் படத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். கூண்டின் கம்பியைப் பிடித்தார்.

அன்று பாலாவிச் சந்தியில் லொறியை ஒட்டிக்கொண்டு ஒரு பஸ்ஸும் நின்றது. கொண்டக்டர்மாரும் தங்கள் பஸ்ஸில் இரண்டு அடிதான் அடிப்பார்கள்.

பிறகு தலைக்கு மேலே டொக் டொக்கென்று கேட்டதே. மூட்டைக் கொக்கி உருளுகிறது என்று ரேடியோச் சத்தத்தைக் கூட்டினாரே. மறித்த இடத்தில் இறங்கிப் பார்த்தபோது படத்தில் அவன் பிடித்திருந்த அந்தக் கயிறு அவிழ்ந்து தொங்கியது. கட்டத் தெரியாத நாய் என்று அத்தாஉல்லாவை ஏசிக்கொண்டே இறுக்கிக் கட்டினார்.

மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தடவையும் கேட்டார்.

"ஓம்" என்றார் செய்னுலாப்தீன். "என்ட லொறிதான். நான்தான் ஓட்டின."

லைசன்ஸை ஆறு மாதத்துக்கு நிறுத்தினார்கள். தண்டத்தை எழுதினார்கள். நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டியது அதோடு தீர்ந்தது.

மவுத்தானவனுக்கு யார் கடன்பட்டவர் என்று அன்றைக்கு ஹுனைஸ் கேட்கவில்லை.

செய்னுலாப்தீன் கடன்பட்டவர். ஓர் உயிர்.