கரடி படம் போட்ட பிரிட்ஜ்

“இந்தப் பிரிட்ஜைக் கொண்டு போறதெண்டா என்ட கடையையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க!”

நாலாவது தடவையாக அதையே சொன்னாள் சீதேவிப்பிள்ளை. பள்ளிக்கூட வாசலுக்கு நேரெதிரே அவளுடைய பெட்டிக்கடை. கடை முகப்பில் சோடாக் கொம்பனி கொடுத்த பிரிட்ஜ். அதன் கதவில் ஆளுயரத்துக்கு ஒரு செம்மஞ்சள் கரடி, நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். பகலிலும் லைட் எரியும்.

பள்ளிக்கூட வாசலிலிருந்து நூறு மீற்றருக்குள் பிள்ளைகளை இழுக்கிற சோடா, டொபி, பிஸ்கட் விளம்பரம் ஒன்றும் கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இப்படித் தீர்மானம் போட்டு மூன்று மாதம். அதற்காகக் களுவாஞ்சிக்குடிப் பிரதேசச் செயலகக் கந்தோருக்கு நாலு தரம் அலைந்தவள் நான். மதிலில் இருந்த நூடில்ஸ் படத்துக்கு வெள்ளையடித்தாயிற்று. பஸ் நிற்கிற இடத்துப் பிஸ்கட் போர்டையும் கழற்றியாயிற்று. மிச்சம் இந்தக் கரடி ஒன்றுதான். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, கடைசியில் இந்தச் சனிக்கிழமை காலை கொம்பனியே லொறி அனுப்பிவிட்டது.

“சீதேவியக்கா, என்ட சின்னவனுக்கு ஏழு வயசு. அஞ்சு பல்லுச் சூத்தை. கரடிச் சோடா இல்லாம அவருக்குச் சோறு இறங்காதாம். ஆர் பழக்கினது?” என்றேன்.

“நானா, தங்கச்சி, அவன்ட வாயில ஊத்தினன்?”

“நீங்க ஊத்தல்ல. கரடி ஊத்திச்சு. நீங்க கரடிக்குக் காவல்.”

சங்கச் செயலாளர் வினாயகமூர்த்தி சிரித்துவிட்டார். எங்களோடு வந்திருந்த பிரஷாந்தியின் மகளும் இங்கேதான் படிக்கிறாள். பிரஷாந்தி விடுவாளா?

“கொம்பனிக்காரன் சும்மாவா பிரிட்ஜ் குடுப்பான்? கையிலயும் ஏதும் வைக்கிறானோ தெரியாது.”

“ஒரு சதம் தாறல்ல, மகள். அவன்ட சோடா விக்கணும், கரடி றோட்டைப் பார்க்கணும். அவ்வளவுதான்.”

“கரடிக்கு மேல பேப்பரை ஒட்டுங்க எண்டு போன மாசமே சொன்னமே?”

“ஒட்டினனே! அடுத்த நாளே வந்து கிழிச்சிட்டான். இன்னொருக்கா மறைச்சா பிரிட்ஜைத் திருப்பி எடுப்பம் எண்டு சொல்லிட்டான்.”

“எடுக்கட்டுமே. அதுக்குத்தானே நாங்க வந்து நிக்கிறம்!” என்றேன்.

அவள் பிரிட்ஜில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

“ஒரு கிழமை பொறுங்க. நான் ஒரு வழி பார்க்கிறன்.”

“என்னத்துக்கு?”

“அதைச் சொல்ல ஏலா.”

சொல்ல ஏலாதாம்! எனக்கு அதற்கு மேல் பொறுமையில்லை. அவளை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்து போத்தல்களை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினேன். மேல் தட்டு முடிந்தது. நடுத்தட்டு முடிந்தது. கீழ்த்தட்டுக்குக் குனிய, என் கையை எட்டிப் பிடித்தாள்.

“அதை விடுங்க, தங்கச்சி.”

போத்தல்களுக்குப் பின்னால் ஒரு பழைய மாஜரீன் டப்பா.

“பார்த்தீங்களா செயலாளர்? என்னமோ ஒளிச்சு வச்சிருக்கிறா!”

மூடியைத் திறந்தேன். துணியில் சுற்றி மூன்று சின்ன மருந்துப் போத்தல்கள். பக்கத்தில் ஊசிகள்.

“இன்சுலின்” என்றார் வினாயகமூர்த்தி. அவருடைய மனைவிக்கும் சீனி வருத்தம்.

“உங்களுக்கா?” என்று கேட்டேன்.

“எனக்கெங்க சீனி? ஒரு பொம்பிளப் பிள்ளைட. நம்மட பள்ளிக்கூடம்தான். சோடா குடிச்சு வந்ததில்ல, அந்தப் பிள்ளைக்குச் சின்னதிலயே வந்த வருத்தம். வாவிக்கரையில குடிசை, கரண்ட் இல்ல. சூட்டில வச்சா மருந்து பழுதாப் போகும் எண்டு டொக்டர் சொன்னவராம். காலமையும் பின்னேரமும் இங்க வந்து போட்டுட்டுப் போகும். ரெண்டு வருஷமா.”

“ஆர் பிள்ளை?” என்றாள் பிரஷாந்தி.

“கேக்காத மகள். நாளைக்கு ஒருத்தன் கையில குடுக்க வேண்டிய பிள்ளை, ஊர் அறியப்படாது எண்டு தாய் என்னட்டச் சத்தியம் வாங்கினவள்.”

டப்பாவை மூடி அவளிடமே கொடுத்தேன்.

“ஏத்துறதா இல்லையா? எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணும்” என்றான் லொறிக்காரன்.

“ஏத்துங்க.” சீதேவிப்பிள்ளையே சொன்னாள். “தங்கச்சி சொல்றதும் ஞாயம்தானே. அதுகளும் பிள்ளையள்தான்.”

வயரைப் பிடுங்கினார்கள். லைட் அணைந்தது. கரடி லொறியில் ஏறிப் படுத்துக்கொண்டது. நாங்கள் வென்றுவிட்டோம்.

டப்பாவை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள் சீதேவிப்பிள்ளை.

“உங்க எல்லாருட வீட்டயும் பிரிட்ஜ் இருக்குத்தானே? ஆராவது ஒராள் இதை வச்சிருங்க. விடிய ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் கதவைத் திறந்து விட்டாக் காணும், வேற ஒண்டும் செய்யத் தேவையில்ல. ஊசியை அந்தப் பிள்ளையே போட்டுக்கொள்ளும்.”

வினாயகமூர்த்திக்கு ஒரு அழைப்பு வந்தது. போன் அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. பிரஷாந்தி குடையை விரித்தாள். என் வீட்டில் இரண்டு பிரிட்ஜ். ஒன்று மீனுக்கு மட்டும். நான் குனிந்து, கீழே கிடந்த சோடாப் போத்தல்களை அடுக்கத் தொடங்கினேன்.

டப்பாவில் வேர்த்திருந்த தண்ணீர் அவளுடைய விரல்களுக்கிடையால் சொட்டியது.

“ஆராவது வாங்குங்களன், தங்கச்சி. வெயில் ஏறுது.”