பாட்டில் மூடி

எக்ஸ்ரே அறை வாசலில் ஒரே ஒரு பெஞ்சுதான் கிடக்கிறது. ஒரு முனையில் ஜெயித்தவன் உட்கார்ந்திருக்கிறான். மறுமுனையில் தோற்றவரை உட்காரவைத்துவிட்டு அவர் மனைவி கண் டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறாள். சற்று முன் கம்பிக் கூண்டுக்குள், கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே, கட்டிப்புரண்டு அடித்துக்கொண்டவர்கள் இவர்கள்தான். தோற்றவரின் இரண்டு கண்களும் வீங்கி மூடிக் கிடக்கின்றன. புருவத்துத் தையலில் ட்யூப்லைட் வெளிச்சம் பிசுபிசுக்கிறது. ஜெயித்தவனின் வலது கை, சுற்றிய டேப்பைக்கூட அவிழ்க்க முடியாமல், மடியில் உப்பிக் கிடக்கிறது. தண்ணீர் பாட்டிலைத் தொடையிடுக்கில் வைத்து இடது கையால் திருகுகிறான். வழுக்குகிறது. “ச்சே” என்கிறான். தோற்றவர் குரல் வந்த பக்கம் கையை நீட்டுகிறார். “இங்க குடுங்க தம்பி.” திறந்து கொடுத்துவிட்டு மூடியைத் தன் உள்ளங்கையில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார். “கையில என்ன?” “எலும்பு உடைஞ்சிருச்சுண்ணே.” “எப்படி?” ஜெயித்தவன் அந்த முகத்தைப் பார்க்கிறான். இடது கன்ன எலும்பு உள்ளே அமுங்கியிருக்கிறது. “கீழ விழுந்துட்டேன்.” “பாத்து நடக்கக் கூடாதா? எனக்கு இந்த வீக்கம் வடிஞ்சாப் போதும், அடுத்த மாசமே மறுபடி கூண்டுதான்.” மனைவி டாக்டர் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வருகிறாள். காலடி கேட்டு அவர் மூடியை நீட்டுகிறார். “இதைப் போட்டுக் குடும்மா, பாவம், தம்பிக்குக் கை முடியல.” அவள் டேப் சுற்றிய கையைப் பார்க்கிறாள். பிறகு கணவரின் கண்களை. மூடியை வாங்கி, பாட்டிலைப் பிடுங்கி, தன் விரல்கள் வெளுக்கும்வரை திருகி இறுக்கி, அவன் மடியில் வைக்கிறாள்.