பன்னிரண்டரைக்குள் கொடிகாமம்

"அம்மா மோசம் போட்டா. இந்தப் பிளேனை விட்டால் இனி நாளைக்குத்தான். என்னை முன்னுக்கு விடுங்கோ, பிளீஸ்!"

சென்னை விமான நிலையத்தில், அடுத்த விமானத்துக்கு மாறுகிறவர்களின் வரிசையே அந்த இளைஞனைத் திரும்பிப் பார்த்தது. பாரிஸிலிருந்து வந்த விமானம் ஒன்றரை மணி நேரம் பிந்தியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பலாலிக்கான விமானம் புறப்பட இன்னும் நாற்பது நிமிடந்தான். முன்னால் அறுபது பேர்.

அதே பலாலி விமானத்துக்காக வரிசையில் நின்ற பஞ்சலிங்கம் முன்னுக்கு வந்தார். மூன்று வருடத்துக்கு முன் டுபாயில் பத்து நிமிடத்தில் விமானத்தைத் தவறவிட்டவர் அவர். ஊருக்குப் போனபோது அப்பாவின் சாம்பல்தான் இருந்தது.

"தம்பி, என்னோடை வா" என்று இளைஞனின் கையைப் பிடித்தார். "பெல்ட்டைக் கழட்டு. போனையும் திறப்பையும் பையுக்கை போடு. போர்டிங் பாஸைக் கையிலை வைச்சிரு. வழி விடுங்கோ! செத்தவீட்டுக்குப் போற பிள்ளை!"

வரிசை விலகியது. பரிசோதகர் இளைஞனின் கைப்பையைத் திறந்தார். உள்ளே, கால் வீக்கம் உள்ளவர்கள் போடும் மெத்தென்ற பெண்கள் செருப்பு ஒரு சோடி, விலைச் சீட்டுக்கூடக் கிழிக்காமல் இருந்தது.

"அம்மாவுக்கு..." என்றான் இளைஞன், தலையைக் குனிந்துகொண்டு.

பரிசோதகர் செருப்பைத் திரும்ப வைத்தார். பஞ்சலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருவரும் ஓடினார்கள். ஓடும்போதே பஞ்சலிங்கம் விசாரித்தார். பெயர் ஜெயரூபன். ஊர் கொடிகாமம், சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கை. தாயாரின் பெயர் கமலாவதி.

"பிரேதம் எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

"பன்னிரண்டரைக்குள்ளை நான் அங்கை நிக்கவேணும் அண்ணை. அதுக்குப் பிறகு சரிவராது."

கதவை மூடப்போன நேரத்தில் ஏறிவிட்டார்கள். ஜெயரூபனுக்குப் பின்வரிசையில் இடம். பஞ்சலிங்கம் முன்னால் இருந்தபடியே, போனை நிறுத்தச் சொல்லுமுன் கொடிகாமத்திலிருக்கும் தன் மச்சான் கேதீஸ்வரனுக்கு இரண்டு வார்த்தை அவசரமாகச் சொல்லி முடித்தார்.

அந்தச் சின்ன விமானம் பலாலியில் இறங்கும் வரையில் அவர் மணிக்கூட்டைப் பார்த்தது எத்தனை தடவையோ. பதினொன்று ஐந்துக்குச் சக்கரம் தரையில் பட்டது. குடிவரவு வரிசையிலும் அவரே முன்னால் போய்க் கதைத்தார். அங்கேயும் வழி விட்டார்கள்.

பெட்டிகள்தான் வரவில்லை. இரண்டு பேருடையதும் சென்னையிலேயே நின்றுவிட்டன.

"பெட்டி கிடக்கட்டும், நாளைக்கு வரும். உன்னைக் கூட்டிப்போக ஆரும் வரேல்லையோ?"

"எல்லாரும் வீட்டு அலுவலிலை நிக்கினம் அண்ணை. நான் ஓட்டோ பிடிச்சுப் போறன்."

"ஓட்டோவிலை போய் எப்ப சேருவாய்? ஏறு, என்னைக் கூட்டிப்போக வந்த வானிலை. டினேஸ், நேரே கொடிகாமத்துக்கு விடு!"

"ஐயா, உங்கடை வீடு அரியாலையிலை. அங்கை உங்கடை அக்கா சமைச்சு வைச்சிருக்கிறா" என்றான் சாரதி டினேஸ்.

"சோறு ஆறினால் சூடாக்கலாம். நீ மிதி!"

வான் பறந்தது. ஜெயரூபன் நிமிடத்துக்கு ஒருதரம் போனைப் பார்ப்பதும் நகத்தைக் கடிப்பதுமாக இருந்தான். அரியாலையில் தன் வீட்டு ஒழுங்கை தாண்டிப் போனதைப் பஞ்சலிங்கம் திரும்பியும் பார்க்கவில்லை. சாவகச்சேரி வந்தபோது மணி பன்னிரண்டு பத்து.

"அண்ணை, உங்களுக்கு ஏன் கரைச்சல்? என்னைக் கொடிகாமம் சந்தியிலை இறக்கிவிட்டால் காணும்" என்றான் ஜெயரூபன்.

"விசர்க்கதை கதையாதை. இவ்வளவு தூரம் வந்திட்டு, வாசலுக்கு வந்து ஒரு சொல்லுச் சொல்லாமல் போனால் நான் என்ன மனிசன்?"

"இல்லை அண்ணை... உண்மையாய் வேண்டாம்."

"நீ ஒண்டுக்கும் யோசியாதை. பிளேனிலை ஏறின உடனையே என்ரை மச்சான் கேதீஸ்வரனுக்குச் சொல்லிப்போட்டன். 'வீட்டுக்காரர் அழுதுகொண்டிருப்பினம், அவையைப் போய்க் கேட்டுக்கொண்டு நிக்காதை, வெளி வேலையைப் பார்' எண்டு. இவ்வளவுக்கும் ஒழுங்கை முழுக்கச் செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டி முடிஞ்சிருக்கும். கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் அடிச்சு ஒட்டியிருப்பான்."

"ஐயோ!" ஜெயரூபன் தலையில் கைவைத்துக்கொண்டு முன் சீற்றில் சாய்ந்தான்.

"அழு தம்பி, அழு. அடக்கி வைச்சிருக்கக் கூடாது" என்று பஞ்சலிங்கம் அவன் முதுகைத் தடவினார்.

கேதீஸ்வரன் சொன்னதைச் செய்கிறவன். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடிகள் காற்றில் ஆடின. சந்தி மதிலில் 'அமரர் கமலாவதி' என்று கறுப்பு எழுத்தில் நோட்டீஸ், பசைகூடக் காயவில்லை.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. "பாத்தியே, ஐஞ்சு நிமிசம் மிச்சம்!" என்றார் பஞ்சலிங்கம். தன் அப்பாவுக்குச் செய்ய முடியாமல் போனதை யாரோ ஒருவரின் பிள்ளைக்காவது செய்துவிட்ட நிம்மதி அவர் குரலில் இருந்தது.

வான் நின்றதும் படலை படாரென்று திறந்தது. பட்டுச்சேலையும் வெறுங்காலுமாக, வீங்கிய கால்களை இழுத்து இழுத்து ஒரு மனிசி ஓடிவந்து ஜெயரூபனின் சட்டையைப் பிடித்தாள்.

"டேய் ரூபன், நான் செத்துப்போனன் எண்டு உன்ரை கலியாணத் தாலிக்குப் பொன்னுருக்க வந்த பத்தர் சந்தியோடை திரும்பிப் போட்டாரடா!"