வெள்ளாடு பிடித்த இடம்

மலையடிவார மைதானத்தில் இசை விழா. வருஷத்துக்கு ஒரு நாள்தான் குயில் அங்கே பாடும். அதனால் செம்மி என்கிற வெள்ளாடு விடிந்ததுமே போய், தனக்கும் தோழிகளான முயலுக்கும் அணிலுக்குமாக முன்வரிசையில் பாய் விரித்துவிட்டது.

“இங்கே ஆள் வருதாம்மா?” என்று கேட்டது வாத்து.

“வருது, வருது. எங்க ஆளுங்க.”

குயில் பாட ஆரம்பித்தது. நரி ஒன்று பாயின் ஓரத்தில் மெல்ல உட்கார, செம்மி கொம்பைக் காட்டி எழுப்பியது. அடுத்து ஒரு பன்றிக் குடும்பம் நகர்ந்து நகர்ந்து வந்தது. அவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, தோழிகள் வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தது. அதற்குள் நரி திரும்பவும் வந்துவிட்டது. அதை விரட்டி முடித்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கச்சேரி முடிந்திருந்தது.

பின்னாலிருந்த புங்க மரத்தடியிலிருந்து முயலும் அணிலும் ஓடி வந்தன.

“கூட்டத்துல உன்னைக் கண்டுபிடிக்கவே முடியலடி! அங்கேயே உட்கார்ந்துட்டோம். கடைசிப் பாட்டுக்கு நான் அழுதே போயிட்டேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது முயல். “உனக்கு எது பிடிச்சுது?”

செம்மி யோசித்துப் பார்த்தது. ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

“இடம்” என்றது. “இடம் ரொம்ப நல்லா இருந்துச்சு.”