வெள்ளை மேல வெள்ளை

இன்டர்நெட்டுல மிக்ஸி ரிப்பேர் பத்தி ஒரு பக்கமும், பூரி சுடுறது பத்தி ஒரு பக்கமும் பக்கத்துப் பக்கத்துல குடியிருந்துச்சுங்க.

மிக்ஸிக்கு எப்பவும் பழைய பெருமைதான். "அப்பெல்லாம் 'மிக்ஸி மிக்ஸி மிக்ஸி'ன்னு கத்துனா போதும் மச்சான், எதைத் தேடுனாலும் எடுத்துக் குடுக்குற தேடல் அண்ணாச்சி என்னையத்தான் மொதல்ல காட்டுவாரு. வெள்ளைப் பக்கத்து மேல வெள்ளை எழுத்துல ஒளிச்சு வச்சும் கத்துவேன். மனுசன் கண்ணுக்குத் தெரியாது, அண்ணாச்சிக்கு மட்டும் கேக்கும்."

"இப்ப அண்ணாச்சி சட்டத்தை மாத்தி, கத்துறவனையெல்லாம் கடைசியில தள்ளிட்டாரே"ன்னுச்சு பூரி. "ஆள் வரலைன்னா ஒன்னைய அழிச்சுருவேன்னு ஓனர் வேற சொல்லிட்டாராம்."

மிக்ஸி அன்னிக்கு வந்த ஆள் கணக்கை எட்டிப் பாத்துச்சு. சைபர்.

"சரி, அவ்வளவு கூட்டம் வந்துச்சே, யாராச்சும் நின்னு படிச்சாங்களா?"ன்னு கேட்டுச்சு பூரி.

"கத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அக்கா படிச்சாங்க. 'ஜார் ஒழுகுனா வாஷரை மாத்துங்க'ன்னு எழுதியிருந்தேன். 'அட, இவ்வளவுதானா'ன்னாங்க. அப்புறம் யாரும் அப்படிச் சொல்லலடா."

அன்னிக்கே ஒளிச்சு வச்ச 'மிக்ஸி'ங்கிற வார்த்தையையெல்லாம் அது உதறிப் போட்டுச்சு. மிஞ்சுனது அந்த வாஷர் வரி மட்டும்தான். வெக்கமாப் போச்சு. வாஷரை எப்படிக் கழட்டணும், எப்படி மாட்டணும்னு கீழ பொறுமையா எழுதுச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு அண்ணாச்சி ஒருத்தரை அனுப்புனாரு. மனுசன் சட்டையெல்லாம் சட்னி. நின்னு படிச்சாரு. "அட"ன்னாரு.

"மச்சான், அடன்னாருடா. அடன்னாருடா. அடன்னாருடா."

"மெதுவாடா"ன்னுச்சு பூரி. "அண்ணாச்சிக்குக் கேட்டுறப் போகுது."